எந்த மிக்-21?

மாதிரி விமானத்துக்கு மாற்றுப் பாகம் தேடுபவர்கள் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். நுணுக்கம் எவ்வளவு? வார்ப்பு சுத்தமா? கிட்டில் சிரமமின்றி உட்காருமா? மூன்றும் நியாயமானவை. ஆனால் மூன்றுமே இரண்டாம் நிலைக் கேள்விகள். இந்தப் பாகம் எந்த விமானத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதுதான் முதலில் தீர வேண்டியது. அது தீராமல் நுணுக்கத்தைப் பாராட்டுவது, வேறொருவரின் உருவப்படத்தை நன்றாக வரைந்திருக்கிறார்கள் என்று பாராட்டுவதாகிவிடும். இந்திய விமானப்படையின் மிக்-21எஃப்எல்லை 1/48 அளவில் செய்ய முனைபவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. சந்தை அவருக்குத் தருவது ஏராளம். அதில் அவருடைய விமானத்துக்கு உரியது கொஞ்சம்.

மிக்-21 என்பது ஒரு குடும்பப் பெயர். இந்திய விமானப்படையில் அது 1963இல் 28ஆவது ஸ்குவாட்ரனோடு சண்டிகரில் தொடங்கி, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெற்றது. இடைப்பட்ட அறுபத்திரண்டு ஆண்டுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்துபோயின. வகை 74 எனப்பட்ட எஃப்-13, வகை 76 ஆன பிஎஃப், வகை 77 ஆன எஃப்எல், வகை 96 ஆன எம், வகை 75 ஆன பிஸ், அதை மேம்படுத்திய பைசன் எனத் தலைமுறைகள் பல. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முக்கோண இறக்கை, ஒரே கூம்பு மூக்கு. கிட்ட நெருங்கினால் முதுகெலும்பும், கேனோபியும், சக்கரமும், மூக்கில் நீட்டிய பிட்டோ குழாயும் வகைக்கு வகை வேறுபடும். இவற்றுள் எஃப்எல் நாசிக்கில் எச்ஏஎல் உரிமம் பெற்றுக் கட்டியது. 1971 போரில் வானத்துச் சுமையைப் பெரிதும் தாங்கியதும் அதுவே. 2013 டிசம்பரில் கலைக்குண்டாவில் அது ஓய்வுபெற்றது.

நமக்குக் கிடைக்கும் மாற்றுப் பாகங்களில் பெரும்பகுதி பிந்தைய வகைகளான எம்எஃப்புக்கும் பிஸ்ஸுக்கும் செய்யப்பட்டவை. காரணம் எளிது. மாற்றுப் பாகத் தொழிலில் இன்று முன்னணியில் நிற்பவற்றில் பல செக், போலந்து, உக்ரைன் நிறுவனங்கள். அவர்கள் அளவெடுப்பது தங்கள் நாட்டுக் காட்சியகங்களில் நிற்கும் விமானங்களை. எஃப்எல்லோ ஏற்றுமதிக்கென்று வடிவமைக்கப்பட்டது. செக்கோஸ்லோவாகியாவில் அது பறக்கவே இல்லை. ஆகவே அவர்களுடைய உழைப்பில் குறை காண்பதற்கு இடமில்லை. கண்ணெதிரே நின்ற விமானத்தை அவர்கள் நேர்மையாகப் படியெடுத்தார்கள். அதை நம் விமானத்தில் ஒட்டவைக்கும் அவசரம் நம்முடையது.

செக் நாட்டு எடுவர்ட் நிறுவனம் 2011இல் மிக்-21எம்எஃப்பில் தொடங்கிய 1/48 வரிசை இத்துறையில் ஒரு எல்லைக்கல். பிஎஃப், பிஎஃப்எம், பிஸ் என அது கிளைத்தபோது, முதுகெலும்பின் உயரமும் உடற்பகுதியின் வளைவும் முதல்முறையாக வகைக்கு வகை சரியாகப் பிரித்துக் காட்டப்பட்டன. அதற்கு முந்தைய கிட்டுகளை எவ்வளவு திருத்தினாலும் எட்ட முடியாத ஒழுங்கு இது. எஃப்எல் செய்பவருக்கு அடித்தளம் அந்த வரிசையின் பிஎஃப்தான். இதில் எனக்கு ஐயமில்லை. எஃப்எல்லின் ரேடார் பிஎஃப்பினுடையது அல்ல, ஆர்-2எல். ஆனால் அது மூக்குக் கூம்புக்குள் மறைந்துவிடுகிறது. வெளித்தோற்றத்தில் பிஎஃப்புக்கும் எஃப்எல்லுக்கும் உள்ள தூரம் சிறிது. எம்எஃப்பிலிருந்து எஃப்எல்லுக்குப் போகும் தூரமோ மாற்றுப் பாகங்களால் கடக்க முடியாதது: முதுகெலும்பு பருத்தது, இறக்கைக்கடியில் ஆயுதத் தாங்கிகள் இரண்டுக்குப் பதில் நான்கு, பீரங்கி உடலுக்குள்ளேயே பொருத்தப்பட்டது, பிட்டோ குழாய் மூக்கின் நடுவிலிருந்து வலப்பக்கம் நகர்ந்தது. இத்தனையையும் மாற்றிய பிறகு எஞ்சுவது எம்எஃப்பின் இறக்கைகளும் ஒரு வீண்செலவும்தான்.

பாகங்களுக்கு வருவோம். முதலில் விமானியின் இருக்கை, ஏனெனில் மிக அதிகமாகத் தவறு நடப்பது அங்கேதான்.

எஃப்-13, பிஎஃப், எஃப்எல் ஆகியவற்றில் இருந்தது எஸ்கே வகை வெளியேற்ற இருக்கை. அதன் செயல்முறை விசித்திரமானது. விமானி வெளியேறும்போது கேனோபியும் இருக்கையோடு சேர்ந்து கிளம்பி, எதிர்க்காற்றின் தாக்கத்திலிருந்து அவரைக் காக்கும் கவசமாக நிற்கும். அதனால்தான் அந்த வகைகளின் கேனோபி முன்கண்ணாடியோடு ஒரே துண்டாக இருக்கிறது. முன்பக்கக் கீலில் தூக்கித் திறக்கிறது. பிஎஃப்எம்மில் கேஎம்-1 இருக்கை வந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் மாறியது. முன்கண்ணாடி நிலையாக நின்றது; பின்பகுதி மட்டும் வலப்பக்கம் சாய்ந்து திறந்தது. இருக்கையும் கேனோபியும் ஒரே பொறியமைப்பின் இரு உறுப்புகள். ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டுவைத்தால் மாதிரி தனக்குத்தானே முரண்படுகிறது.

கேஎம்-1 இருக்கை ரெசினிலும் முப்பரிமாண அச்சிலும் எளிதில் கிடைக்கிறது. நன்றாகவும் இருக்கிறது: பட்டைகள் தொய்ந்து விழுகின்றன, தலையணையின் தையல் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அழகில் மயங்கி அதை எஃப்எல்லில் வைப்பவர்கள் பலர். போட்டி மேசைகளில் நடுவர்கள்கூட அதைத் தாண்டிப் போவதுண்டு. ஆனால் திறனாய்வு அதை ஏற்க முடியாது. முன்பக்கம் தூக்கித் திறக்கும் கேனோபிக்கு அடியில் கேஎம்-1 இருக்கை வைத்த மாதிரி, எவ்வளவு திறமையாக வர்ணம் பூசப்பட்டிருந்தாலும், எந்தக் காலத்திலும் பறக்காத விமானத்தின் மாதிரி. எஸ்கே என்று தெளிவாகக் குறிப்பிட்டு வரும் இருக்கைகள் குறைவு. இருப்பவற்றிலும் நுணுக்கம் சற்று மங்கல். கிட்டோடு வரும் இருக்கை எளிமையானதுதான், என்றாலும் வடிவத்தில் சரியானது. சரியான மங்கலுக்கும் பிழையான கூர்மைக்கும் இடையில் தேர்வு வந்தால் முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். கிட் இருக்கைக்குப் பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த பட்டைகளை மட்டும் சேர்த்தால் போதும். தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன், உண்மை அளவில் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பட்டைக்கு இது பொருந்துகிறது. அதே தகட்டில் வரும் நெம்புகோல்களும் கைப்பிடிகளும் அப்படியல்ல. உருளையாக இருக்க வேண்டியவை தட்டையாக வெட்டுண்டு நிற்கின்றன. அரித்த உலோகத்தின் மதிப்பு தட்டையான பொருள்களோடு முடிகிறது.

சக்கரத்தில் கணக்கே தீர்ப்புச் சொல்லிவிடும். எஃப்-13இன் முதன்மைச் சக்கரம் 660 மி.மீ. விட்டம். பிஎஃப்பிலிருந்து அது 800 மி.மீ. ஆனது, அதை உள்ளே மடக்க இடம் வேண்டி உடற்பகுதியின் பக்கத்தில் புடைப்பும் பெரிதானது. 1/48 அளவில் முதலாவது 13.75 மி.மீ.; இரண்டாவது 16.7 மி.மீ. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் காண அளவுகோல் தேவையில்லை, கண்ணே போதும். ‘மிக்-21 சக்கரங்கள்’ என்று மட்டும் அச்சிட்ட உறையை வாங்குமுன் வெர்னியர் காலிப்பரை வைத்து அளப்பதோ, விற்பவரிடம் விட்டத்தைக் கேட்பதோ கடமை. வகை சரியாக இருந்தால் ரெசின் சக்கரங்கள் கிட் சக்கரங்களைவிட மேல் என்பதில் தயக்கமில்லை: டயரின் பள்ளங்கள் ஆழமாக விழுகின்றன, நடுவட்டின் துளைகள் ஊடுருவித் தெரிகின்றன. ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும் என்பது பழைய குறை. ஆனால் அரை விழுக்காடு சுருக்கம் 16.7 மி.மீ. பொருளில் பத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அதே சுருக்கம் 150 மி.மீ. நீளமுள்ள உடற்பகுதியில் முக்கால் மில்லிமீட்டராகி இணைப்புக்கோட்டைக் கெடுக்கும். சிறிய பாகத்தில் ரெசினை நம்பலாம். பெரிய பாகத்தில் அதை முதலில் அளக்க வேண்டும், பிறகுதான் நம்ப வேண்டும்.

பிட்டோ குழாயில் விவாதமே இல்லை. பிளாஸ்டிக் ஊசி வார்ப்பால் சரியாகச் செய்ய இயலாத பொருள் அது. தடித்துவிடும், இல்லையேல் ஒடிந்துவிடும். போலந்தின் மாஸ்டர் நிறுவனம் பித்தளையில் கடைந்து தரும் குழாய், நுனியை நோக்கி மெலியும் விதத்திலும் நேர்க்கோட்டிலும் நிறைவானது. எஃப்எல்லில் அது மூக்கின் மேல் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். வலப்பக்கம் விலகிய எம்எஃப்பின் துளையை நோக்கிச் செய்த உறையை எடுத்துவிடக் கூடாது, அவ்வளவே. இத்தனை சிறிய பொருளில் இத்தனை முழுமை இத்துறையில் அரிது.

கேனோபிக்கு இரு வழிகள். கிட்டின் கண்ணாடி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன். உண்மையில் அது 48 மி.மீ. கண்ணாடியாகிறது. மூடி வைத்தால் உறுத்தாது. திறந்து வைத்தால் விளிம்பு முழுப் பொய்யையும் காட்டிவிடும். வெற்றிட முறையில் இழுத்த மெல்லிய கேனோபி அந்த விளிம்புக் குறையைத் தீர்க்கிறது; ஆனால் வெட்டுவது கடினம், சட்டங்களின் கூர்மை மழுங்குகிறது, ஆண்டுகள் செல்ல மஞ்சளும் படரலாம். ஆகவே மூடிய கேனோபிக்குக் கிட் கண்ணாடி, திறந்ததற்கு வெற்றிட வார்ப்பு. எப்படிச் செய்தாலும் அது ஒரே துண்டாக, முன்கீலில் திறப்பதாக இருக்க வேண்டும்.

ஆயுதங்களில் காலம் உள்ளே நுழைகிறது. எஃப்எல்லுக்கு உள்பீரங்கி கிடையாது. உடலுக்கடியில் தொங்கும் ஜிபி-9 கூட்டில் இரட்டைக்குழல் ஜிஎஸ்எச்-23 பீரங்கியைப் பொருத்தினார்கள். 1971 டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடா மேல் 47ஆவது ஸ்குவாட்ரனின் எஃப்எல் ஒன்று பாகிஸ்தானின் எஃப்-104ஐ வீழ்த்தியது இந்தப் பீரங்கியால்தான். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 14இல், 28ஆவது ஸ்குவாட்ரனின் நான்கு விமானங்கள் விங் கமாண்டர் பிஷ்னோய் தலைமையில் டாக்கா ஆளுநர் மாளிகையை 57 மி.மீ. ராக்கெட்டுகளால் தாக்கின, விமானத்துக்கு 32, மொத்தம் 128. அதாவது இறக்கைக்கு ஒரு கூடு, கூட்டுக்குப் பதினாறு ராக்கெட்: யூபி-16.

மாதிரிச் சந்தையில் எளிதில் கைக்கு வருபவையோ பெரும்பாலும் முப்பத்திரண்டு துளைகள் கொண்ட யூபி-32 கூடுகள். பிந்தைய வகைகளின் கிட்டுகளில் மிச்சமாகி, உதிரிப் பெட்டிகளில் தூங்குபவையும் அவையே. டாக்கா தாக்குதலைக் காட்டும் மாதிரியில் யூபி-32 தொங்கினால் அது வரலாற்றுப் பிழை. துளைகளை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் தெரிந்துவிடும். டிசம்பர் 12இன் மாதிரிக்கு ஜிபி-9 கூடு உயிர்நாடி. அதற்கு முப்பரிமாண அச்சு இன்று மிகச் சிறந்த வழியாகிவிட்டது. குழல்களின் உட்துளை, ஓடுகள் வெளியேறும் திறப்பு, கூட்டின் வளைந்த கீழ்ப்பகுதி ஆகியவை ஒரே துண்டில் வருகின்றன. குறை உண்டு: அச்சின் அடுக்குக் கோடுகள் வளைவுகளில் படிக்கட்டாகத் தங்கும், தாங்குகோல்களை வெட்டிய இடம் தழும்பாகும், பொருளும் எளிதில் நொறுங்கும். தழும்பைத் தேய்க்கலாம். ஆனால் இல்லாத வடிவத்தைத் தேய்த்து உண்டாக்க முடியாது. அந்த வகையில் நிறை குறையை வென்றுவிடுகிறது.

சான்று பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாகங்களின் துல்லியத்தை எதை வைத்து உரசுவது? நான் இருக்கும் திருப்பதியில் இக்கேள்விக்கு ஒரு நல்ல மரபு உண்டு. திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தபோது, பதிப்பின் மதிப்பு கல்லில் ஒற்றியெடுத்த மைப்படியின் மதிப்பைச் சார்ந்திருந்தது. படியிலிருந்து படி எடுத்தால் பிழை பெருகும். ஆகவே ஐயம் வந்தால் மீண்டும் கல்லுக்கே போக வேண்டும். மாதிரிப் பாகமும் அத்தகைய படிதான். பல மாற்றுப் பாகங்கள் உண்மை விமானத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. இன்னொரு கிட்டின் பாகத்தைத் திருத்தியோ, வெளியான கோட்டோவியத்தை நம்பியோ செய்யப்பட்டவை. அந்தக் கோட்டோவியங்களில் சில தங்களுக்கு முந்தைய ஓவியங்களைப் படியெடுத்தவை. பிழை ஒன்று நூலில் ஏறினால் ரெசினிலும் ஏறும். அங்கிருந்து அடுத்த நூலின் மாதிரிப் படத்துக்குப் போய்ச் சான்றாகவே மாறிவிடும்.

உண்மை விமானத்திடம் போனாலும் கண்ணை மூடி நம்பக் கூடாது. தில்லி பாலம் விமானப்படைக் காட்சியகத்திலும் பெங்களூரு எச்ஏஎல் காட்சியகத்திலும் மிக்-21 நிற்கிறது. திருப்பதியிலிருந்து பெங்களூரு ஒரு பகல் பயணம். அருகில் நின்று பார்க்க முடிவது பெரும் பேறு. ஆனால் காட்சிக்கு வைத்த விமானம் பறந்த விமானம் அல்ல. சேவையின் முடிவில் அது எப்படி இருந்ததோ அப்படித்தான் வந்து சேர்கிறது. சில நேரம் வேறு விமானத்தின் உறுப்பு ஏறியிருக்கும், இருக்கை கழற்றப்பட்டிருக்கும், கண்ணாடிமேல் வர்ணம் ஓடியிருக்கும். வெயிலிலும் மழையிலும் மேடையில் நிற்பவற்றுக்கு மீண்டும் மீண்டும் பூசிய வர்ணம் பலகை இணைப்புகளை மூடிவிடுகிறது. ஆகவே காட்சியக விமானம் வடிவத்துக்கும் அளவுக்கும் உறுதியான சான்று. நிறத்துக்கும் பொருத்தப்பட்ட கருவிகளுக்கும் பலவீனமான சான்று. பின்னவற்றுக்கு அந்தந்த ஆண்டின் புகைப்படம்தான் வேண்டும். 1971இன் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. நிறத்தில் மௌனமாக இருந்தாலும் வடிவத்தில் அவை தெளிவாகப் பேசும். ஒரே வகைக்குள்ளேயே வால்துடுப்பின் அகலமும் வேகத்தடைக் குடையின் இடமும் மாறிய குடும்பம் இது. எனவே படத்தில் வால் எண் தெரியும் ஒரு விமானத்தைத் தேர்ந்து, அந்த ஒன்றையே செய்வதுதான் ஒழுங்கான முறை. பொதுவான எஃப்எல் என்று ஒன்றைச் செய்பவர் எந்தப் பிழைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதியே அவருடைய மாதிரியின் பலவீனம்.

பலகைக் கோடுகள் பற்றி ஒரு வார்த்தை. எடுவர்ட் ஆணி வரிசைகளையும் கோடுகளையும் மிக மெல்லியதாகச் செதுக்குகிறது. அதைப் புகழாதவர் இல்லை. ஆனால் 0.2 மி.மீ. அகலக் கோடு 1/48இல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளியாகிறது. அப்படிப்பட்ட விமானம் ஒலியின் வேகத்தை இரு மடங்கு தாண்டாது. இதை ஒரு மரபு என்று ஏற்கலாம், ஏனெனில் கோடே இல்லாவிட்டால் கண் மாதிரியை வாசிக்காது. ஏற்பதற்கும் துல்லியம் என்று அழைப்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு. கோட்டுக்குள் கறுப்பு மையை ஊற்றி அதை இன்னும் உரக்கச் சொல்லவைக்கும் இன்றைய பழக்கம் அந்த வேறுபாட்டை அழித்துவிட்டது.

விலையையும் மதிப்பீட்டிலிருந்து விலக்க முடியாது. சுங்க அட்டவணையில் அளவுக் குறுக்க மாதிரிகள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில், 9503இல், அடங்குகின்றன. அந்தத் தலைப்பின் வரி 2020இல் 20இலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது நோக்கம், நியாயமான நோக்கம்தான். ஆனால் எஃப்எல்லுக்கான எஸ்கே இருக்கையைச் செய்யும் உள்நாட்டுத் தொழில் எதுவும் அதனால் பிறக்கவில்லை. திருப்பதி போன்ற ஊரில் இருப்பவருக்கு எல்லாமே தபாலில் வர வேண்டும். கையில் எடுத்து அளந்து வாங்கும் வாய்ப்பு கிடையாது. இந்நிலையில் தவறான பாகத்தின் விலை அதன் உறையில் எழுதியதைப்போல் இரு மடங்கு. தேர்வில் கறாராக இருப்பது இங்கே ரசனைக்கு மட்டும் உரிய விஷயமல்ல, பணத்துக்கும் உரியது.

அதனால் என் தீர்ப்பு கொஞ்சம் சிக்கனமானது. எடுவர்ட் பிஎஃப் கிட், கடைந்த பித்தளை பிட்டோ, 16.7 மி.மீ. ரெசின் சக்கரம், தேர்ந்த நாளுக்கேற்ற ஆயுதக்கூடு: இவை போதும். இருக்கை கிட்டினுடையதே. பிளாஸ்டிக் தகட்டில் கையால் வெட்டிச் செய்யக்கூடிய தாங்கிகள், உணர்கொம்புகள், கதவுத் தண்டுகளை விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. அளவு தெரிந்தால் கைவேலை ரெசினைவிடத் துல்லியமாக அமையும், ஏனெனில் செய்பவர் தன் விமானத்தை மட்டும் பார்த்துச் செய்கிறார். முழுக் காக்பிட் தொகுதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் நுணுக்கம் உயர்ந்தது, ஆனால் பெரும்பாலும் வேறு வகைக்குச் சொந்தமானது. உடற்பகுதியின் உட்சுவரைத் தேய்த்து மெலிதாக்கினால்தான் உள்ளே நுழையும்.

இந்த ஏற்பாட்டில் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. எஸ்கே இருக்கையும் எஃப்எல்லின் காக்பிட்டும் உள்ளபடி அளக்கப்பட்டு வெளியானால்தான் அதை நிரப்ப முடியும். அளக்க வேண்டிய விமானங்கள் பிராகாவில் இல்லை, இந்தியாவில் இருக்கின்றன. ஓய்வுபெற்ற மிக்-21கள் மேடைகளுக்கும் கல்லூரி வளாகங்களுக்கும் போகும் காலம் இது. மேடையில் ஏற்றுமுன் இருக்கையைக் கழற்றுவார்கள். கேனோபியை ஒட்டி மூடுவார்கள். சக்கரக் குழியை அடைப்பார்கள். அதற்கு முன்பாக ஒரு நாள், டேப்பும் காலிப்பரும் கேமராவும் எடுத்துக்கொண்டு சிலரை உள்ளே அனுமதிக்க வேண்டும். எஞ்சியுள்ள எஃப்எல்களில் ஒன்றையாவது திறந்து அதே முறையில் அளக்க விட வேண்டும். பொறுப்பில் உள்ளவர்களிடம் மாதிரிச் சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டியது இதைத்தான்.